பளபளன்னு இருக்கும் பழைய ஹெட்டை நம்பலாமா? என்ஜினில் படியும் கார்பனும், அதை எடுப்பதில் நடக்கும் தப்பும்!

பைக்கில் பழைய பிக்கப் இல்லை. பாலம் ஏறினால் என்ஜினுக்குள் 'டக டக' என்று சத்தம். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி என்றால், சாவியை அணைத்த பிறகும் இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் நிற்கிறது. மெக்கானிக்கிடம் விட்டால், "ஹெட்ல கார்பன் ஏறிடுச்சுண்ணே, இறக்கி சுத்தம் பண்ணணும்" என்கிறார்.

அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் இறக்கிய பிறகு எப்படி சுத்தம் செய்கிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சரியாகச் செய்தால் என்ஜின் இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். தவறான கெமிக்கலில் ஒரு இரவு ஊறவைத்தால், காலையில் அந்த ஹெட் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் செகண்ட் ஹேண்ட் ஹெட் வாங்கி மாட்டுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஏன் என்று பார்க்கலாம்.

கார்பன் எங்கிருந்து வருகிறது?

என்ஜினில் பெட்ரோல் முழுதாக எரிவதே இல்லை. எரியாமல் மிஞ்சுவது கரியாகிறது. இதோடு பிஸ்டன் ரிங் வழியாகவும், வால்வு தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல் வழியாகவும் கசியும் என்ஜின் ஆயிலும் சேர்ந்து வேகிறது. தோசைக்கல்லில் எண்ணெய் கருகிப் பிடிக்குமே, அதே கதைதான். முதலில் பிசுக்கு, பிறகு பொருக்கு, கடைசியில் கல் மாதிரி.

வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து ஸ்கூலுக்கு என்று குட்டிக் குட்டி தூரம் ஓடும் வண்டிகளில் இது சீக்கிரம் சேரும். என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிடுகிறோம், அதனால்தான். சிக்னலில் நீண்ட நேரம் ஐடிலில் நிற்பதும், ஏர் ஃபில்டர் அடைத்திருப்பதும், கார்புரேட்டரில் பெட்ரோல் அதிகமாகப் போவதும் கூடுதல் காரணங்கள்.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் ஆயிலை பெட்ரோலோடு சேர்த்தே எரிக்கிறோம் என்பதால் கார்பன் படிவது சகஜம். 1985 முதல் 1996 வரை தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ இன்றும் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதில் ஹெட்டில் வால்வே கிடையாது. நாலு நட்டைக் கழற்றினால் கிண்ணம் மாதிரி வந்துவிடும். சுத்தம் செய்வது சுலபம். ஆனால் அந்த வண்டியில் அடைப்பு அதிகம் இருப்பது போரில் உள்ள எக்ஸாஸ்ட் துவாரத்திலும் சைலன்சருக்குள்ளும்தான். ஹெட்டை மட்டும் தேய்த்துவிட்டு அந்த இரண்டையும் விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

கொஞ்சம் கரி இருந்தா என்ன?

ஒரு சின்னக் கணக்கு. 100 சிசி என்ஜின், கம்ப்ரஷன் 9-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் எரியறையின் அளவு 12.5 சிசி. அதில் வெறும் 1 சிசி இடத்தை கார்பன் பிடித்துக்கொண்டால் மீதி 11.5 சிசி. கம்ப்ரஷன் 9.7-க்கு ஏறிவிடுகிறது. ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு கரி செய்யும் வேலை இது!

கம்ப்ரஷன் ஏறினால் பவர் கூடும்தானே என்று கேட்கலாம். கம்பெனி அந்த என்ஜினை வடிவமைத்தது அந்த அளவுக்கு இல்லை. தவிர, கார்பன் சூட்டை வெளியே விடாது. போர்வை போர்த்தியது மாதிரி வெப்பத்தைப் பிடித்து வைக்கும். விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கரித்துண்டு தணல் மாதிரி கனன்றுகொண்டே இருந்து, ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். அந்த 'டக டக' நாக்கிங் சத்தத்துக்கும், சாவியை அணைத்த பிறகும் இருமுவதற்கும் இதுவே காரணம். இதை வருடக்கணக்கில் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும் வரை போகலாம்.

வால்வு உட்காரும் சீட்டில் கரி சிக்கினால் வேறு பிரச்சினை. வால்வு முழுதாக மூடாது. அந்த இடைவெளியில் நெருப்பு சீறிப் பாய்ந்து வால்வின் விளிம்பையே தின்றுவிடும்.

துடைக்கும் முன் ஒரு போட்டோ!

இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். ஹெட்டை இறக்கிய அடுத்த நிமிடம் பட்டறைப் பையன் அதை டீசல் டப்பாவில் போட்டுவிடுவான். போடுவதற்கு முன் போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரிதான் என்ஜினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்.

உலர்ந்த, மை மாதிரி கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. கார்புரேட்டர் டியூனிங்கையோ ஏர் ஃபில்டரையோ பார்க்க வேண்டும். ஈரமாக, பளபளப்பான கறுப்பாக இருந்தால் ஆயில் ஏறுகிறது. சாம்பலும் வெள்ளையும் கலந்த கெட்டிப் பொருக்கு என்றால், அது ரொம்ப நாளாக ஆயில் எரிந்ததன் அடையாளம். ஆயிலில் சேர்க்கப்படும் கால்சியம், துத்தநாகம் போன்றவை எரியாமல் சாம்பலாகத் தங்கிவிடும். பிஸ்டன் ஓரத்தில் மட்டும் வட்டமாக ஈரம் தெரிந்தால் ரிங்கைச் சந்தேகப்படுங்கள். இன்டேக் வால்வின் பின்பக்கம் மட்டும் தேன்கூடு மாதிரி கட்டியிருந்தால் வால்வு ஆயில் சீல்.

காரில் ஒரு விஷயம். நாலு சிலிண்டரில் மூன்று கறுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவி வைத்தது போல சுத்தமாக இருக்கிறதா? சந்தோஷப்படாதீர்கள். கேஸ்கெட் போய், கூலன்ட் அந்த சிலிண்டருக்குள் கசிந்து, ஆவியாகிக் கழுவியிருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் கரியை மட்டும் எடுத்தால், சில மாதத்தில் அதே ஹெட் அதே கோலத்தில் திரும்ப இறங்கும். சீல் மாற்ற ஆகும் செலவைவிட ஹெட் இறக்கி ஏற்றும் கூலி அதிகம் என்பதை மறக்க வேண்டாம். ஹெட் கையில் இருக்கும்போதே சீலை மாற்றச் சொல்லிவிடுங்கள்.

ஹெட்டை இறக்காமல் பார்க்கவும் வழி இருக்கிறது. போனில் மாட்டும் சின்ன எண்டோஸ்கோப் கேமரா ஆன்லைனில் கிடைக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரம் வழியாக விட்டுப் பார்க்கலாம், என்ஜின் நன்றாக ஆறிய பிறகு. "கார்பன் ஏறிடுச்சு" என்று யாராவது சொன்னால், "காட்டுங்கண்ணே, பார்ப்போம்" என்று கேட்க இது போதும்.

காஸ்டிக் சோடா: ஹெட்டின் எமன்

அந்தக் காலத்து லாரி, டிராக்டர் என்ஜின்களில் ஹெட் வார்ப்பிரும்பு. அதைக் காஸ்டிக் சோடா கரைத்த கொதிநீரில் போட்டு எடுப்பது ரொம்ப காலமாக இருக்கும் முறை. பிசுக்கு, பெயின்ட், கரி எல்லாம் உரிந்து வரும், இரும்புக்கு ஒன்றும் ஆகாது.

இதைப் பார்த்துவிட்டு பைக் ஹெட்டையும் அதே தொட்டியில் போடுபவர்கள் இருக்கிறார்கள். பைக் ஹெட் அலுமினியம். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அப்படியே கரைக்கும். போட்ட கொஞ்ச நேரத்தில் நுரை பொங்கும். "பாருங்க, அழுக்கு எப்படி வருது" என்பார்கள். வருவது அழுக்கல்ல, ஹைட்ரஜன் வாயு. கரைவது உங்கள் ஹெட். பீடி நெருப்போ ஸ்விட்ச் பொறியோ பக்கத்தில் இருந்தால் அந்த வாயு பற்றிக்கொள்ளும். கரைசல் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

புல்லட்காரர்கள் கவனிக்க. 'காஸ்ட் அயர்ன் புல்லட்' என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதில் வார்ப்பிரும்பு என்பது சிலிண்டர் போர்தான். அதன் மேல் உட்காரும் ஹெட் அலுமினியம். பெயரை நம்பி காஸ்டிக்கில் போட்டால் அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். ஐந்து விநாடி வேலை.

டாய்லெட் கழுவும் ஆசிட் போட்டுத் தேய்க்கும் வீடியோக்களும் சுற்றுகின்றன. ஆசிட்டில் கார்பன் கரையாது, அலுமினியம்தான் அரிக்கும். ஹெட் வெள்ளையாக மாறுவதைப் பார்த்து சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

அப்போ எப்படித்தான் எடுப்பது?

பெரும்பாலான பைக் ஹெட்டுக்கு பொறுமையும் மரக்குச்சியும் போதும் என்பதே உண்மை. கேட்க சாதாரணமாக இருந்தாலும் நல்ல பழைய மெக்கானிக்குகள் இப்படித்தான் செய்வார்கள்.

வால்வைக் கழற்றாமல் அப்படியே விட்டு, பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றை மரையில் மாட்டிவிட்டு எரியறைப் பக்கத்தை முதலில் சுத்தம் செய்ய வேண்டும். வால்வு இருந்தால் சீட்டில் கீறல் விழாது, பிளக் இருந்தால் மரையில் கரி நுழையாது. மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறவைத்தால் மேல் பிசுக்கு இளகும். கெட்டிக் கரியை அது கரைக்காது, ஆனால் சுரண்டும்போது தூள் பறக்காமல் ஈரமாக வைக்கும். அலுமினியத்துக்குப் பாதுகாப்பானது என்று டப்பாவில் எழுதியிருக்கும் கார்பன் ரிமூவர் என்றால் இன்னும் நல்லது.

பிறகு மூங்கில் சீவல், கெட்டி பிளாஸ்டிக், பித்தளைத் தகடு, பித்தளை பிரஷ் இவற்றால் சுரண்டலாம். ஸ்க்ரூ டிரைவரும் ஹேக்ஸா பிளேடும் வேண்டாம். ஸ்டீல் அலுமினியத்தைக் கீறும். அந்தக் கீறலின் விளிம்பு சூடாகும், அடுத்த கரி அங்கேதான் முதலில் பிடிக்கும். குறிப்பாக கேஸ்கெட் உட்காரும் சமதளத்தில் ஒரு ஆழமான கோடு விழுந்தாலே கம்ப்ரஷன் லீக்குக்கு வழி.

எரியறை முடிந்த பிறகு வால்வுகளைக் கழற்றலாம். எது இன்டேக், எது எக்ஸாஸ்ட், காரில் எது எந்த சிலிண்டர் என்று அட்டையில் ஓட்டை போட்டு வரிசையாகக் குத்தி வைப்பது பழைய பழக்கம். நல்ல பழக்கம். வால்வும் சீட்டும் ஒன்றுக்கொன்று பழகியவை. மாற்றி மாட்டக் கூடாது.

ஆங்கிள் கிரைண்டரில் அல்லது டிரில்லில் மாட்டும் தேய்ப்பு டிஸ்க் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹெட் நிமிடத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அதனால் பட்டறைகளில் ரொம்பப் பிரபலம். ஆனால் அந்த டிஸ்க்கில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு தூள். அது உதிர்ந்து ஆயில் வழிகளில் புகுந்தால், வண்டி ஸ்டார்ட் ஆனதும் நேரே பேரிங்குக்குப் போய் அதை அரைத்துவிடும். கேஸ்கெட் தளத்தில் இந்த டிஸ்க்குகளைப் பயன்படுத்தக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனது சர்வீஸ் மையங்களுக்கு எச்சரிக்கையே அனுப்பியிருக்கிறது. போதாக்குறைக்கு சமதளம் குழியாகிவிடும். உப்புத்தாளுக்கும் இதே ஆபத்து உண்டு.

கண்ணாடி மணிகளை வீசும் பிளாஸ்டிங் முறையிலும் இதே கதை. ஒரு மணி ஆயில் துவாரத்தில் தங்கினாலும் போச்சு. ஆற்று மணலை வீசினால் அந்தத் தூசி நுரையீரலில் சிலிகோசிஸ் நோயைத் தரும். வால்நட் ஓட்டுத் தூளும் சமையல் சோடாத் தூளும் மென்மையானவை. சோடா தண்ணீரில் கரைந்தே போய்விடும் என்பது அதன் பெரிய வசதி. இப்போது பல ஊர்களில் அல்ட்ராசோனிக் தொட்டியும் வந்துவிட்டது. சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலி அலை, வெதுவெதுப்பான சோப்புக் கரைசலில் கோடிக்கணக்கான நுண்குமிழிகளை உருவாக்கி உடைக்கும். கை எட்டாத துவாரங்களுக்கு இதுதான் சிறந்தது. கரைசல் அலுமினியத்துக்கு உகந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்படி எடுத்தாலும் கடைசியில் சோப்புத் தண்ணீரில் கழுவி, எல்லாத் துவாரத்திலும் ஏர் அடித்து, உடனே காயவைத்து, வால்வு சீட்டிலும் கைடிலும் ஆயில் தடவ வேண்டும். அவை இரும்பு வகை, தண்ணீர் பட்டு ஒரு ராத்திரி இருந்தாலே துரு ஏறும்.

பழைய ஹெட் வாங்கப் போறீங்களா?

புதுப்பேட்டையில் ஒரு ஹெட் பளபளவென்று மின்னினால் அது நல்ல ஹெட் என்று அர்த்தமில்லை. கரியோடு இருக்கும் ஹெட் தன் கதையைச் சொல்லும். பாலிஷ் போட்டது சொல்லாது. வெல்டிங் வைத்த இடம், டிஸ்க் போட்டுத் தேய்த்த குழி எல்லாம் அந்த மினுமினுப்பில் மறைந்துவிடும். என்னைக் கேட்டால், அழுக்கு ஹெட்டை வாங்கி நாமே சுத்தம் செய்வது மேல்.

இரண்டு வால்வுக்கும் நடுவில் உள்ள மெல்லிய பாலத்தையும், பிளக் மரைக்கும் வால்வு சீட்டுக்கும் நடுவில் உள்ள இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் விட்டால் அங்கேதான் விடும். கரி மூடியிருந்தால் தெரியாது, சுத்தம் செய்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும். லேத் பட்டறைகளில் சிவப்புச் சாயம் தெளித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பவுடர் அடிப்பார்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாக எழும்பும்.

பிறகு தட்டையான ஸ்டீல் ஸ்கேலை சமதளத்தில் வைத்து ஃபில்லர் கேஜால் இடைவெளி பாருங்கள். பல பைக்குகளுக்கு 0.05 மி.மீ. வரைதான் அனுமதி. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். வால்வு லேப் செய்து மாட்டிய பிறகு ஹெட்டைச் சாய்த்து, போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி சில நிமிடம் விடுங்கள். எரியறைப் பக்கம் கசியவில்லை என்றால் வால்வு நன்றாக உட்கார்ந்திருக்கிறது. மாட்டும்போது கேஸ்கெட் புதிதாக இருக்க வேண்டும். நட்டுகளை ஒரேயடியாக முறுக்காமல், குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில், மேனுவல் சொன்ன டார்க் அளவுக்கு.

கையைக் கழுவ பெட்ரோலா?

இந்தக் கரி வெறும் அடுப்புக்கரி இல்லை. எரிந்த ஆயிலிலும் கரியிலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஹைட்ரோகார்பன்கள் உண்டு. இந்தியா முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது 2000 பிப்ரவரியில்தான். அதற்கு முன் ஓடிய பழைய என்ஜின் என்றால் அந்தக் கரியில் ஈயமும் இருக்கலாம். பழைய கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலமும் உண்டு. அதனால் உலர்ந்த நிலையில் வயர் பிரஷ் போட்டுத் தூள் பறக்க விடாமல், ஈரமாக்கிச் சுரண்டுவதே பாதுகாப்பு. வாயால் ஊதக் கூடாது. மாஸ்க்கும் கையுறையும் கண்ணாடியும் ஆடம்பரமில்லை.

பட்டறைகளில் தினமும் நடப்பது என்ன? பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் வெறுங்கையால் பெட்ரோலில் பார்ட்ஸ் கழுவி, அதே பெட்ரோலில் கையையும் கழுவுகிறார்கள். பிஎஸ்-6 பெட்ரோலிலும் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். நாலு அடி தள்ளி ஏற்றிய வெள்ளிக்கிழமை பூஜை சூடம் போதும். பார்ட்ஸ் கழுவ டீசலோ மண்ணெண்ணெயோ பெட்ரோலைவிட எவ்வளவோ மேல். கைக்கு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்து, துணியால் துடைத்து, பிறகு சோப்பு போட்டாலே பிசுக்கு போய்விடும்.

கழுவிய கறுப்பு டீசலை சாக்கடையில் ஊற்றுவதும் தப்பு. கழிவு ஆயில் 2016-ம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும்.

கழற்றாமலே போக்க முடியாதா?

பெட்ரோலில் ஊற்றும் கிளீனர்களில் பாலிஈதர் அமீன் உள்ளவை ஓரளவு வேலை செய்யும். ஆனால் மெல்லிய படிவுக்குத்தான். கல்லாக இறுகியதை அது அசைக்காது. டிஎஸ்ஐ, ஜிடிஐ போன்ற நேரடி இன்ஜெக்ஷன் கார்களில் பெட்ரோல் இன்டேக் வால்வைத் தொடுவதே இல்லை. நேரே சிலிண்டருக்குள் பாய்கிறது. அதனால் டேங்கில் எதை ஊற்றினாலும் அந்த வால்வில் உள்ள கரிக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூள் அடிப்பதுதான் நம்பகமான வழி.

"ஹைவேயில ஒரு மிதி மிதிச்சா கார்பன் எல்லாம் பறந்துடும்" என்பதில் பாதி உண்மை. நல்ல சூட்டில் நீண்ட தூரம் ஓடினால் புதிய, மென்மையான புகைக்கரி கொஞ்சம் எரியும். சர்வீஸ் சென்டர்களில் விற்கும் ஹைட்ரஜன் கார்பன் கிளீனிங்குக்குப் பணம் கொடுக்கும் முன், பிளக் துவாரத்தில் கேமரா விட்டு முன்னும் பின்னும் படம் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் யோசியுங்கள்.

ஓடும் என்ஜினின் ஏர் இன்டேக்கில் தண்ணீர் தெளிக்கும் வீடியோவை மட்டும் முயற்சி செய்ய வேண்டாம். கொஞ்சம் கூடுதலாகப் போனால், தண்ணீர் அமுங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதன் பிறகு ஹெட் வேலையோடு முடியாது, முழு என்ஜினையும் பிரிக்க வேண்டியதுதான்.